அப்பாவைக் காசநோய் ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள், சரி சொல்லட்டுமா?

கெடிலக்கரை_மகள் (ஞாயிறு, இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

அப்பாவுக்கு 54 வயது. கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கம் மூட்டை தூக்கும் வேலை. இரண்டு மாதமாக விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், போட்ட சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. "பீடி குடிக்கிற இருமல்தான்" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினார். போன வாரம் சளி கொடுத்தோம், டி.பி. என்று வந்துவிட்டது. சாதாரண மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான் என்றார்கள். மாத்திரை ஆரம்பித்து இன்றோடு ஐந்து நாள். எடை 43 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர்.

மாத்திரை வாங்கப் போனபோது புதுவையில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வுக் குழுவிலிருந்து ஒரு அக்காவும் ஒரு தம்பியும் வந்து பேசினார்கள். அப்பாவையும் வீட்டில் இருக்கும் எங்கள் எல்லோரையும் (அம்மா, நான், அண்ணன், அண்ணி, நாலு வயதுக் குழந்தை) இரண்டு வருடம் தொடர்ந்து பார்ப்பார்களாம். அவ்வப்போது ரத்தம், சளி, எடை எடுப்பார்கள், என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்பார்கள். புது மருந்து எதுவும் கிடையாது, இப்போது சாப்பிடும் அதே அரசு மாத்திரைதான். தமிழில் பத்துப் பக்கம் ஒரு படிவம் கொடுத்து, வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டு வரச் சொன்னார்கள்.

அண்ணன் கூடவே கூடாது என்கிறான். இருக்கிற ரத்தத்தையும் எடுத்துவிட்டால் அப்பா எழுந்திருக்கவே மாட்டார் என்று அம்மா பயப்படுகிறார். அப்பாவோ "எடுத்துக்கட்டும், எனக்கென்ன" என்கிறார். புதன்கிழமை பதில் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சேர்ந்திருக்கிறீர்களா?

பண்ருட்டி_பாலா (ஞாயிறு, இரவு 9.48)

தங்கச்சி, அப்பா சீக்கிரம் தேறி வரட்டும். மனதில் பட்டதைச் சொல்கிறேன், வேண்டாம். இலவசமாக மாத்திரை வாங்கப் போகிறவனைத்தான் ஆய்வுக்குப் பிடிக்கிறார்கள். காசு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவனிடம் யாரும் படிவத்தை நீட்டுவதில்லை. நம் ரத்தம் எந்த ஃப்ரீசரில் எத்தனை வருடம் இருக்கும், எந்த நாட்டுக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வில்லியனூர்_செவிலி (ஞாயிறு, இரவு 10.25)

பாலா தம்பி கேட்பது நியாயமான கேள்வி, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த அம்மாவின் பயத்தைப் பார்ப்போம்.

நான் ஆறு வருடம் இதே மாதிரி ஒரு ஆய்வில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தவள். இந்த மாதிரி ஆய்வில் ஒரு தடவைக்கு எடுப்பது பெரும்பாலும் 10 முதல் 20 மில்லி. டீ ஸ்பூனால் அளந்தால் இரண்டிலிருந்து நாலு ஸ்பூன். அளவு படிவத்திலேயே எழுதியிருக்கும், பாருங்கள். ரத்ததானத்துக்கு 350 மில்லி எடுக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு வீட்டிலும் ஸ்பூனில் தண்ணீர் ஊற்றிக் காட்டித்தான் புரிய வைப்பேன்.

அடுத்தது, அப்பாவின் எடை. 43 கிலோ, 165 சென்டிமீட்டர் என்றால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 15.8 வருகிறது. 18.5-க்குக் கீழே போனாலே எடை குறைவு, 16-க்குக் கீழே என்றால் கடுமையான மெலிவு. ஆய்வு இருக்கட்டும், நாளைக்கு மாத்திரை வாங்கும் இடத்தில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் இருந்து "காசநோய் இறப்பில்லா திட்டம்" நடக்கிறது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் வடிவமைத்தது. நோய் தெரிந்தவுடனே சில விஷயங்களைப் பார்ப்பார்கள்: பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழா, 16 வரை இருந்து இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்குகிறதா, ஆக்சிஜன் 94-க்குக் குறைவா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா. ஒன்று இருந்தாலும் வார்டில் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்பாவின் இரண்டு கணுக்காலையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? எனக்குப் பதில் எழுதுங்கள்.

கெடிலக்கரை_மகள் (ஞாயிறு, இரவு 10.41)

இப்போதுதான் அழுத்திப் பார்த்தேன் அக்கா. குழி விழவில்லை. எழுந்து நன்றாகவே நடக்கிறார், கொல்லைப்புறம் வரை தானே போகிறார். மூச்சு எண்ணினேன், 20 வந்தது.

வில்லியனூர்_செவிலி (ஞாயிறு, இரவு 10.44)

நல்லது. நிம்மதியாகத் தூங்குங்கள். காலையில் மீதியை எழுதுகிறேன்.

நுண்ணோக்கி (திங்கள், காலை 6.30)

நான் சிதம்பரத்தில் நுண்ணுயிரியல் படிக்கிறேன். "இரண்டு வருடம்" ஏன் என்று சொல்கிறேன்.

டி.பி. கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நூறு பேருக்குக் கிருமி தொற்றினால், வாழ்நாள் முழுக்கச் சேர்த்து ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் நோயாக மாறும். மற்றவர்களிடம் கிருமி உறங்கியே கிடக்கும். நோயாக மாறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள் மாறிவிடும். அதனால்தான் அந்த இரண்டு வருடமும் வீட்டாரைக் கூடவே இருந்து பார்க்கிறார்கள். ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசித்த அண்ணனுக்கு ஏன் வரவில்லை, தம்பிக்கு ஏன் வந்தது? இன்று வரை முழு விடை கிடைக்காத கேள்வி இது. விடை உங்கள் வீட்டு மாதிரியான வீடுகளில்தான் இருக்கிறது.

நம் பகுதிக்கு இது புதிதும் இல்லை. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமும் சேர்ந்து நிதி கொடுத்த "ரிப்போர்ட் இந்தியா" என்ற பெரிய காசநோய் ஆய்வில் புதுவை ஜிப்மர் மருத்துவமனையும் ஒரு மையம். வேலூர் சி.எம்.சி., சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் அதில் உண்டு. புதுவையிலும் அதை ஒட்டிய தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் நோயாளிகளையும் வீட்டாரையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதிலிருந்து வந்த கட்டுரைகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது இரண்டு விஷயம்: எடை குறைவு, குடி.

தேவனாம்பட்டினம்_ரவி (திங்கள், காலை 7.05)

அந்த இரண்டும் எனக்கு இருந்தது.

கடலுக்குப் போய்வந்த அலுப்புக்குக் குடிப்பேன், குடித்தால் சாப்பிட மாட்டேன். டி.பி. வந்து மாத்திரை போட்டு மூன்றாம் மாதம் இருமல் நின்றதும் விட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் திரும்ப வந்தது. இரண்டாவது தடவை ரத்தமாகவே இருமினேன். மாத்திரையோடு குடித்ததில் கல்லீரல் கெட்டு, கண் மஞ்சளாகி, மாத்திரையை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தார்கள். இன்று முழுசாகக் குணமாகி நாலு வருடம்.

தங்கச்சி, அப்பாவுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பயந்துவிடாதீர்கள், அது மாத்திரையின் நிறம். எனக்கு யாரும் சொல்லாததால் ரத்தம் என்று நினைத்து ஒரு வாரம் மாத்திரை போடாமல் இருந்தேன். அப்பா குடிப்பவரா? இருந்தால் ஆய்வில் சேரும்போது மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கெடிலக்கரை_மகள் (திங்கள், காலை 7.20)

சம்பளம் வருகிற சனிக்கிழமை மட்டும் குடிப்பார் அண்ணே. டி.பி. என்று தெரிந்ததிலிருந்து தொடவில்லை. நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னார்.

பண்ருட்டி_பாலா (திங்கள், காலை 8.15)

எனக்கு ஒன்று புரியவில்லை. எடை குறைவாக இருந்தால் நோய் வரும், சாப்பாடு கொடுத்தால் குறையும். இது நம் பாட்டிக்குத் தெரியாதா? இதற்கு ஏன் இரண்டு வருடம் ரத்தம் எடுக்க வேண்டும்? ஆய்வுக்குச் செலவு செய்யும் காசில் அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போட்டுவிடலாமே.

நுண்ணோக்கி (திங்கள், மதியம் 1.40)

பாலா அண்ணா, இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிக்குத் தெரியும். ஆனால் மருத்துவ உலகம் நடுவில் ஐம்பது அறுபது வருடம் அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்தது. அதற்குக் காரணமும் நம் ஊர் ஆய்வுதான். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வழிநடத்தினார். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு தாம்பரம் சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்க வைத்துப் பார்க்கும் மருத்துவமனை) படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பாதி நெருக்கடியான சொந்த வீட்டிலேயே, கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

1959-ல் அது வெளிவந்ததும் உலகமே மாறியது. சானடோரியங்கள் தேவையில்லை, வீட்டிலிருந்தே குணமாக்கலாம் என்றானது. கெடிலக்கரை மகளின் அப்பா இன்று வீட்டில் படுத்துக்கொண்டு மாத்திரை சாப்பிட முடிகிறது என்றால் அந்த 193 பேரால்தான். ஆனால் கூடவே இன்னொரு எண்ணமும் ஒட்டிக்கொண்டது: மருந்து சரியாகப் போனால் போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம். அந்த ஆய்வு கேட்ட கேள்வி மருந்து குணமாக்குகிறதா என்பது. வீட்டாருக்குச் சாப்பாடு கொடுத்தால் நோய் வராமல் தடுக்கலாமா என்று அது கேட்கவில்லை.

அதைக் கேட்டது 2019-ல் தொடங்கிய "ரேஷன்ஸ்" ஆய்வு. மங்களூரு ஏனெபோயா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா குழு, நம் சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் கூட. இடம் ஜார்க்கண்டின் நாலு மாவட்டம். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ கூடை: அரிசி 5 கிலோ, வறுத்த கடலை மாவு 3 கிலோ, பால் பவுடர் ஒன்றரைக் கிலோ, எண்ணெய் அரை லிட்டர். ஒரு பிரிவில் வீட்டாருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. இன்னொரு பிரிவில் வீட்டாருக்கு எதுவும் இல்லை. சாப்பாடு கிடைத்த 5,621 பேரில் 96 பேருக்கு நோய் வந்தது. கிடைக்காத 4,724 பேரில் 122 பேருக்கு. மற்ற வேறுபாடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 39 சதவீதம் குறைவு. நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். அரிசியும் பருப்பும்!

இது 2023 ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நோயாளிக்கு அரசு தரும் உதவித்தொகை 2018-ல் இருந்து மாதம் 500 ரூபாயாகத்தான் இருந்தது. 2024 நவம்பரில் 1000 ஆனது. "சாப்பாடு போடுங்கள்" என்று அரசிடம் பாட்டி சொன்னால் கேட்க மாட்டார்கள். 96, 122 என்று எண்ணிக் காட்டினால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

பண்ருட்டி_பாலா (திங்கள், மதியம் 2.30)

தம்பி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்த 122-ஐப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சாப்பாடு கொடுத்தால் நல்லது நடக்கலாம் என்று சந்தேகம் இருந்துதானே ஆய்வே தொடங்கினார்கள்? அப்படியிருக்க அரைப்பட்டினி கிடக்கும் ஒரு வீட்டுக்குக் கொடுத்து, அடுத்த ஊர் வீட்டுக்குக் கொடுக்காமல் எண்ணிக்கொண்டிருந்தது சரியா? நான் வடலூருக்கு வருடா வருடம் தைப்பூசத்துக்குப் போகிறவன். வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையவில்லை. பசியைப் பிணி என்று சொல்கிற ஊரிலிருந்து வருகிறவனுக்கு இது உறுத்துகிறது.

வில்லியனூர்_செவிலி (திங்கள், மாலை 6.10)

உறுத்தத்தான் வேண்டும் தம்பி. உறுத்தாதவர்கள் ஆய்வு செய்யவே கூடாது. அந்த ஆய்வுக் குழுவுக்கும் உறுத்தியதால்தான் நோயாளி இருக்கும் எந்த வீட்டையும் வெறுங்கையாக விடவில்லை, இரண்டு பிரிவிலும் நோயாளிக்குக் கூடை போனது. அதற்கு மேலும் கொடுத்திருக்க வேண்டுமா என்று இன்றும் மருத்துவர்களே விவாதிக்கிறார்கள். என் மனது உங்கள் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அந்த எண்கள் இல்லாமல் வீட்டாருக்கும் உணவு கொடுங்கள் என்று இன்று யாரும் வாதாடவே முடியாது என்பதும் உண்மை.

மகளே, உங்கள் அப்பாவுக்குத் தேவையான விஷயம் ஒன்று அந்த ஆய்விலேயே இருக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு ஆபத்து ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்திருந்தது. 43 கிலோவுக்கு 5 சதவீதம் என்றால் 2 கிலோ 150 கிராம். அதுதான் உங்கள் இலக்கு. தினமும் இரண்டு முட்டை, பொட்டுக்கடலை மாவு உருண்டை, நிலக்கடலை, மத்தி மீன். விலை உயர்ந்த புரத டப்பா எதுவும் வேண்டாம். வாரம் ஒரு நாள் ஒரே தராசில், ஒரே நேரத்தில், செருப்பில்லாமல் நிற்க வையுங்கள். 50 கிலோவைத் தொட்டால் சொல்லிவிடுங்கள், மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. 35-லிருந்து 49 வரை மூன்று, 50 ஆனால் நாலு.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அந்த நாலு வயதுக் குழந்தைக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு மருந்து ஆரம்பிக்க வேண்டும். பெரியவர்களுக்கும் இப்போது உண்டு. அம்மாவுக்குச் சுகர் இருக்கிறதா? சுகர் உள்ளவர்களுக்கு டி.பி. வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. இதெல்லாம் அரசுத் திட்டத்திலேயே உங்களுக்குக் கிடைக்க வேண்டியது. ஆய்வில் சேர்ந்தால்தான் தருவோம் என்று யாராவது சொன்னால் அது தவறு.

தட்டு, டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள். பாத்திரத்தால் பரவாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கெடிலக்கரை_மகள் (திங்கள், மாலை 6.32)

அம்மாவுக்கு ஏழு வருடமாகச் சுகர் அக்கா. தட்டைத் தனியாகத்தான் வைத்திருந்தோம். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம்.

நெல்லிக்குப்பம்_செல்வி (திங்கள், இரவு 9.00)

நான் கொஞ்சம் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருடம் முன்னால் என் அம்மா சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றிய ஒரு ஆய்வில் சேர்ந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத விரும்பவில்லை. ஒன்றரை வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, விடிகாலை பஸ் பிடித்துக் கூட்டிப் போவேன். நன்றாக நடத்தினார்கள், அதில் குறை இல்லை. பாதத்தின் அடியில் நைலான் நூல் மாதிரி ஒன்றை வைத்து "தெரியுதா பாட்டி, தெரியுதா" என்று பத்து இடத்தில் கேட்பார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி பதில் சொல்வார். தெரியாத இடத்தில் தெரிகிறது என்று சொல்லிவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

ஒரு நாள் "முடிந்துவிட்டது பாட்டி, இனிமேல் வர வேண்டாம்" என்றார்கள். அவ்வளவுதான். என்ன கண்டுபிடித்தார்கள், அம்மா சொன்ன பதில்களால் என்ன தெரிந்தது, இன்று வரை ஒரு தாளும் வரவில்லை. அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார், "அந்த டாக்டர் பிள்ளைங்க என்ன எழுதுனாங்களாம்?"

சேர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சேரும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: முடிவு வந்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள், எப்போது, தமிழில் சொல்வார்களா?

பண்ருட்டி_பாலா (திங்கள், இரவு 9.14)

செல்வி அக்கா, மனசு கனத்துவிட்டது.

முத்தியால்பேட்டை_வாத்தியார் (திங்கள், இரவு 10.05)

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன் நான். செல்வியம்மா எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

1980-களின் தொடக்கத்தில் எங்கள் தெருவுக்கு இரவு பத்து மணிக்கு மேல் டார்ச்சும் கண்ணாடித் தகடுகளுமாக ஆட்கள் வருவார்கள். கோரிமேட்டுப் பக்கம் இருக்கும் கொசு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள். 1981 முதல் 1985 வரை புதுவையில் யானைக்கால் நோய்க்கு எதிராக அந்த மையம் பெரிய வேலை செய்தது, டாக்டர் ராஜகோபாலன் இயக்குநர். தூக்கத்திலிருந்து பிள்ளைகளை எழுப்பி விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துத் தகட்டில் தேய்ப்பார்கள். பகலில் வரக்கூடாதா என்று என் அம்மா சண்டை போட்டார். வந்த பையன் வாசல்படியில் உட்கார்ந்து விளக்கினான்: "அந்தப் புழுக்குஞ்சு பகல்ல உள்ளே ஒளிஞ்சிக்கும்மா, ராத்திரி கொசு கடிக்கிற நேரத்துலதான் மேல் ரத்தத்துக்கு வரும்." அதற்குப் பிறகு அம்மாவே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி எழுப்புவார். ஐந்து நிமிடம் உட்கார்ந்து காரணத்தைச் சொன்னதற்கு அத்தனை பலன்.

ஆகவே செல்வியம்மா கேட்பது சலுகை ஒன்றும் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் 1964-ல் ஹெல்சிங்கியில் ஒரு பிரகடனம் செய்தது, பல முறை திருத்தியும் வந்திருக்கிறார்கள். ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்கு அதன் பொதுவான முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. சளி கொடுத்தவர் வீட்டுக்கு முடிவு திரும்பி வராத வரைக்கும் அந்த ஆய்வு முடிந்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மகளே, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை குறையாது என்ற வரி இருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். மருத்துவமனை ஆட்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யும் குழு அல்ல அது. 2019-ல் வந்த மருந்து ஆய்வு விதிகளின்படி குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேர் வெளியாட்கள், சட்டம் தெரிந்த ஒருவர், நம்மைப் போன்ற சாதாரண ஆள் ஒருவர். அப்பா கைநாட்டு வைப்பவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூடவே இருந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிரதியை நீங்கள் வீட்டுக்கு எடுத்து வர வேண்டும்.

நுண்ணோக்கி (செவ்வாய், காலை 6.50)

பாலா அண்ணா முதலில் கேட்ட ஃப்ரீசர் கேள்வி பாக்கி இருக்கிறது. மிச்ச ரத்தத்தையும் சளியையும் எதிர்கால ஆய்வுக்கு எடுத்து வைக்கலாமா என்பதற்குப் படிவத்தில் தனியாக "ஆம் / இல்லை" கட்டம் இருக்க வேண்டும். ஆய்வுக்கு ஆம், சேமிப்புக்கு இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வெளிநாட்டுக் கூட்டு இருந்தால் அதற்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் வேண்டும், மாதிரியை அனுப்பத் தனி ஒப்பந்தமும் வேண்டும். தைரியமாகக் கேளுங்கள். புது மருந்தோ புதுச் சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வாக இருந்தால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் எண் இருக்கும், 2009 ஜூனிலிருந்து அது கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். உங்களுடையது கூடவே இருந்து பார்க்கும் ஆய்வுதான் என்று தெரிகிறது.

கெடிலக்கரை_மகள் (புதன், இரவு 8.15)

போய்விட்டு வந்தேன். அண்ணனையும் கூட்டிப் போனேன்.

வாத்தியார் ஐயா சொன்ன வரிகள் எல்லாம் படிவத்தில் இருந்தன. அண்ணன் ஃப்ரீசர் கேள்வியைக் கேட்டான், கட்டத்தைக் காட்டினார்கள். அப்பா "ஆம்" போட்டார். அண்ணன் அவனுக்கு "இல்லை" போட்டான். அந்த அக்கா அதற்கு முகம் சுளிக்கவில்லை.

அப்புறம் செல்வி அக்கா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். முடிவை எங்களுக்கு யார் சொல்வார்கள்? அந்த அக்கா ஒரு நிமிடம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல அது இல்லைம்மா" என்றார். உள்ளே போய் டாக்டரைக் கூட்டி வந்தார். அந்த டாக்டர் அம்மா உட்கார்ந்து கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும், வருடத்துக்கு ஒரு தடவை தமிழில் ஒரு பக்கம் எழுதி எல்லா வீட்டுக்கும் கொடுக்க நெறிமுறைக் குழுவிடம் கேட்பதாகவும் சொன்னார். சொன்னதை எழுதித் தரச் சொன்னேன். எங்கள் பிரதியின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா கையெழுத்துப் போடத் தெரிந்தவர். வெகு நாள் கழித்துப் போட்டார், அதனால் "ன்" கொஞ்சம் கோணியிருக்கிறது.

பண்ருட்டி_பாலா (புதன், இரவு 8.40)

ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு முந்திரியும் பலாப்பழமும் கொண்டு வருகிறேன் தங்கச்சி. ஆய்வு பற்றி என் சந்தேகம் பாதி போய்விட்டது, பாதி இருக்கிறது. அந்த ஒரு பக்கத் தாள் வந்தால் இங்கே படம் எடுத்துப் போடுங்கள்.

கெடிலக்கரை_மகள் (இரண்டு மாதம் கழித்து, சனி, காலை 10.20)

இன்று காலை எடை 45.4. இரண்டு கிலோ நானூறு! சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. ஒவ்வொரு மாத்திரையிலும் இருந்த நாலு மருந்து மூன்றாகக் குறைந்திருக்கிறது. குழந்தை தடுப்பு மருந்து சாப்பிடுகிறாள், வாழைப்பழத்தில் மசித்துக் கொடுத்தால்தான் இறங்குகிறது. அம்மாவின் சுகர் கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது. சனிக்கிழமைதான் அப்பாவுக்குக் கஷ்டமான நாள். ரவி அண்ணே, நீங்கள் எழுதியதை ஒவ்வொரு சனிக்கிழமையும் படித்துக் காட்டச் சொல்கிறார்.

ஒரு பக்கத் தாள் இன்னும் வரவில்லை, வருடம் ஆகவில்லையே. நான் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

தேவனாம்பட்டினம்_ரவி (சனி, காலை 10.55)

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறேன் தங்கச்சி, விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு சில்வர் பீச் வரை நடந்துவிட்டு வருகிறோம்.

நெல்லிக்குப்பம்_செல்வி (சனி, இரவு 9.30)

அம்மாவின் படிவம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடைத்தது. அதிலும் நெறிமுறைக் குழுவின் எண் இருக்கிறது, இத்தனை நாள் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை அழைத்து, முடிவு என்ன என்று கேட்கப் போகிறேன்.